24 கிக்குக்கு மேலே: மனசை விட்டுப் போகாத ஓர் அனுபவம் சொல்லுங்கள்

மயிலை மொட்டைமாடி

போன மே மாதம் நடந்தது. இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

24,048 மெகாஹெர்ட்ஸில் (24 கிகாஹெர்ட்ஸ், நம் பேச்சில் 24 கிக்) அமெச்சூர் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தோம், நானும் வேளச்சேரி அண்ணனும். நடுவில் சுமார் 8 கி.மீ. என் பக்கம் நாலு மாடி, அவர் பக்கம் பன்னிரண்டாவது மாடி. இரண்டு பக்கமும் 60 செ.மீ. டிஷ், பத்து மில்லிவாட், பின்னால் இரண்டு மீட்டர் அலைநீளத்தில் வேலை செய்யும் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) ரேடியோ. கட்டியது, உடைந்தது, மறுபடி கட்டியது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள்.

மதியம் ஒரு மணி. கொடியில் அம்மாவின் புடவை கடல் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. மேற்கிலிருந்து அனல். அண்ணன் குரல் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவது போலக் கேட்டது. திடீரென்று புடவை தொங்கியது. அசைவே இல்லை. அப்புறம் மெதுவாகத் தூக்கி மறுபக்கம் பறக்க ஆரம்பித்தது. கடற்காற்று இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அண்ணன், “அஞ்சு ஒன்பது தம்பி, ஆனா ஒரு விஷயம் கவனிச்சீங்களா…” என்றார். அஞ்சு ஒன்பது என்றால் சிக்னல் பலமாக, தெளிவாக வருகிறது என்று அர்த்தம். அதோடு சரி, குரல் போய்விட்டது. வெறும் இரைச்சல். டிஷ்ஷை எப்படித் திருப்பியும் வரவில்லை.

22.2 கிக்கில் நீராவி உறிஞ்சும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். 24 அதன் வாசலிலேயே இருக்கிறது. கடல் ஈரம் வந்ததும் பாதை மூடிக்கொண்டது என்றுதான் நானும் அண்ணனும் ஃபோனில் பேசி முடிவு செய்தோம். சென்னையில் வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

ஆறு மில்லிமீட்டர்

உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் கதை 47 கிக்கில் நடந்தது.

11,772 மெகாஹெர்ட்ஸை நாலால் பெருக்கி 47,088 எடுத்து, மாடியின் ஒரு மூலையில் பீக்கனாக (விடாமல் சிக்னல் அனுப்பும் கருவியாக) வைத்திருந்தேன். எதிர் மூலையில் அதை வாங்கி, ரேடியோவில் கேட்கும் அதிர்வெண்ணுக்கு இறக்கும் மிக்சர். நடுவில் வெறும் 12 மீட்டர். சிக்னல் வந்தது, ஆனால் அந்தத் தூரத்துக்கு வர வேண்டிய அளவு இல்லை. மூன்று வாரம் டையோடை மாற்றினேன், பயாஸை மாற்றினேன், தூக்கம் போனதுதான் மிச்சம்.

அலைவழிக்குழாய்க்கு, அதாவது சிக்னலை உள்ளே கடத்தும் குழாய்க்கு, நான் போட்டிருந்தது ஏசிக்குப் போடும் கால் அங்குலச் செம்புக் குழாய். வெளிவிட்டம் 6.35, சுவர் 0.8, உள்விட்டம் 4.75 மி.மீ. அதில் 37 கிக்குக்குக் கீழே எதுவும் நுழையாது, 48-ஐத் தாண்டினால் இரண்டாவது மோட் (அலை குழாய்க்குள் போகும் இன்னொரு விதம்) கிளம்பிவிடும். நம் 47 இரண்டுக்கும் நடுவில் பாந்தமாக உட்கார்ந்துவிடுகிறது. நமக்கென்றே அளந்து செய்தது போல!

என் மாமனார் முப்பது வருஷ ஏசி மெக்கானிக். ஒருநாள் சாப்பிட்டுவிட்டு மாடிக்கு வந்தவர் மேசையில் கிடந்த குழாயை எடுத்தார். டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணால் உள்ளே பார்த்தார். விளிம்பில் நகத்தை ஓட்டினார். “ஹேக்ஸாவால அறுத்தியாம்மா? உள்ள பிசிறு நிக்குது பாரு. இதோட ஃப்ளேர் போட்டா கேஸே நிக்காது.” கீழே போய், பிசிறை வழித்தெடுக்கும் ரீமர் எடுத்து வந்தார். குழாயின் வாயைத் தரையைப் பார்க்கத் திருப்பிப் பிடித்தார், தூள் உள்ளே போகாமல் இருக்க. மூணு சுற்று. தலைமுடி மாதிரி ஒரு செம்புச் சுருள் நியூஸ் பேப்பர் மேல் விழுந்தது.

மாட்டிப் பார்த்தேன். சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டரில் நாலு கோடு ஏறியது. அலைநீளமே 6.4 மி.மீ. தான் என்று தாளில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அரை மில்லிமீட்டர் பிசிறு அதற்கு எவ்வளவு பெரிய சுவர் என்று அந்தச் சுருளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. “மாமா, நீங்க வராம இருந்தா இன்னும் ஒரு மாசம் டையோடு மாத்திட்டு இருந்திருப்பேன்” என்றேன். “கட்டர்ல வெட்டும்மா இனிமே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தச் சுருளை நோட்டில் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.

தாம்பரம் டெசிபெல்

மயிலை அண்ணா, கோபித்துக்கொள்ள வேண்டாம். அது நீராவி இல்லை. கணக்கைப் பாருங்கள்.

8 கி.மீ., 24 கிக்: வெற்றுவெளி இழப்பு சுமார் 138 டெசிபெல். 60 செ.மீ. டிஷ் ஒவ்வொன்றும் சுமார் 41 டெசிபெல் திருப்பிக் கொடுக்கும். பத்து மில்லிவாட் என்றால் அந்தப் பக்கம் மைனஸ் 46 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்) வாக்கில் வந்து சேரும். உங்கள் ரிசீவரின் இரைச்சல் எஸ்எஸ்பி அகலத்தில் மைனஸ் 130 என்றே வைத்துக்கொள்வோம். 80 டெசிபெல்லுக்கு மேல் கையிருப்பு. சென்னையின் புழுக்கத்திலும் 24 கிக்கில் நீராவி கிலோமீட்டருக்கு அரை டெசிபெல்லை ஒட்டித்தான் தின்னும். உங்கள் பாதைக்கு மொத்தமே 4. கடற்காற்று வருவதற்கு முன்பும் காற்றில் ஈரம் இருந்ததே, அதனால் கூடியது ஒன்றிரண்டு டெசிபெல் இருந்தால் அதிகம். 80 இருக்கிற இடத்தில் ஒன்றிரண்டு போனால் குரல் காணாமல் போகுமா?

டிஷ் திரும்பியிருக்கும் என்றும் சொல்ல மாட்டேன். கற்றை அகலம் ஒன்றரை டிகிரிதான், காற்றில் ஒரு டிகிரி நகர்ந்தால் ஐந்தாறு டெசிபெல் போகும், சரி. பத்து டிகிரி நகர்ந்தால்கூடப் பக்கக் கற்றையில் உங்களுக்குக் காது நிறையக் கேட்டிருக்கும்.

என் அனுபவம் சின்னது. எங்கள் மாடியில் வெயிலில் இருந்த ஆசிலேட்டர் பெட்டியின் (அதிர்வெண்ணை உண்டாக்கும் பெட்டி) மேல் அம்மா ஈரத்துண்டைக் காயப் போட்டுவிட்டார். ஹெட்ஃபோனில் இருந்த விசில் சரசரவென்று கீழே இறங்கி, இறங்கி, கேட்கும் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. சிக்னல் அங்கேயேதான் இருந்தது, கைக்கு எட்டாத இடத்தில்.

உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும். 24 கிக்கில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே 24 கிலோஹெர்ட்ஸ். உங்கள் எஸ்எஸ்பி ஜன்னல் இரண்டரை கிலோஹெர்ட்ஸ்தான். அனலில் கொதித்துக்கொண்டிருந்த பெட்டியில் கடற்காற்று பட்டதும் உள்ளே அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் படிகம் குளிர்ந்து, அதிர்வெண் நகர்ந்திருக்கும். நீங்கள் டிஷ்ஷைத் திருப்பாமல் டயலைத் திருப்பியிருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது: சாதாரணப் படிகத்தைத் தூக்கிப் போடுங்கள். 10 மெகாஹெர்ட்ஸ் அடுப்புப் படிகம் (ஒரே சூட்டில் வைத்திருக்கும் பெட்டிக்குள் இருக்கும் படிகம்) ரிச்சி தெருவில் பழைய போர்டுகளில் கிடைக்கும், பொறுமையாகத் தேடுங்கள். வாங்கியதும் ஒரு முழு நாள் மின்சாரத்திலேயே விட்டு வையுங்கள், முதல் மணி நேரத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முடிந்தால் ஜிபிஎஸ்ஸோடு பூட்டுங்கள். தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, மேலே வெள்ளை பெயின்ட் அடியுங்கள். வயர் வெளியே வரும் ஓட்டையையும் பஞ்சு வைத்து அடையுங்கள், அதன் வழியாகவும் காற்று போகும். இன்னொன்று, ஒரு ஆர்டிஎல் டாங்கிளை (கணினியில் செருகும் சின்ன ரிசீவர்) ஐஎஃப்பில், அதாவது இறக்கிய சிக்னல் வரும் இடத்தில், மாட்டி வாட்டர்ஃபால் (அதிர்வெண்கள் கோடுகளாக ஓடும் படம்) பாருங்கள். இரண்டு மெகாஹெர்ட்ஸ் ஒரே திரையில் தெரியும்போது சிக்னல் ஒளிய இடமே இல்லை.

அடையார் அதிகாலை

தாம்பரம் சார், எல்லாப் பழியையும் படிகத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள். ஈரம் என்றால் நீராவி மட்டும் இல்லை.

பெசன்ட் நகர் கடற்கரை, காலை ஐந்தரை. 122 கிக் போர்டு, அந்த ஜெர்மன் ரேடார் சிப் வைத்தது. ஒரு மில்லிவாட்டை ஒட்டித்தான் வெளியே வரும். 30 செ.மீ. டிஷ், கற்றை அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல். தம்பி அரை கி.மீ. தள்ளி, மணலில் ட்ரைபாட் ஊன்றி உட்கார்ந்திருந்தான். அவன் டார்ச்சைக் குறிபார்த்துத்தான் பிடித்தேன். டோன் வந்தது, சுத்தமாக.

ஒரு காவலர் வந்தார். “என்ன தம்பி இது? யாரைக் கேட்டு வெச்சீங்க?” லைசன்ஸைக் காட்டினேன், விளக்கம் சொன்னேன். டிஷ்ஷுக்கு முன்னால் நடந்தார். டோன் நின்றது. தாண்டினார், வந்தது. அவருக்கும் ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறது. திரும்பி வந்து வேண்டுமென்றே குறுக்கே நின்றார். நின்றது. ஒரு அடி விலகினார். வந்தது. கையை மட்டும் நீட்டினார். குறைந்தது. “என் கையையா கேக்குது அது?” என்று கேட்டார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. பத்து வருஷமாக எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன், ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

சரி, சொல்ல வந்தது வேறு. ஆறரைக்கு டோன் தேய்ந்து தேய்ந்து போனது. அதிர்வெண் நகரவில்லை, வாட்டர்ஃபாலில் கோடு அதே இடத்தில் மங்கியது. டிஷ்ஷுக்கு முன்னால் இருக்கும் ஹார்ன் (சிக்னல் வெளியே வரும் புனல்) வாயைப் பார்த்தால் உப்புப் பனி, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. கைக்குட்டையால் துடைத்தேன், டோன் திரும்பி வந்தது. நீராவி தின்பது கொஞ்சம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஹார்ன் மேல் படியும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் வேறு கணக்கு. கடலோரத்தில் இருப்பவர்கள் ஹார்னைப் பார்க்காமல் படிகத்தைப் பழி சொல்லக் கூடாது.

தாம்பரம் டெசிபெல்

மதியம் ஒரு மணி மே வெயிலில் ஹார்னில் பனி எப்படிப் படியும் சார்? உங்கள் காலை அனுபவம் உண்மை. அவருடைய மதியத்துக்கு அது பொருந்தாது.

புதுப்பேட்டைப் பயணி

நீங்கள் இருவரும் பேசி முடியுங்கள். எனக்கு உறுத்துவது வேறு.

செல் டவரிலிருந்து இறக்கிய 23 கிக் லிங்க் பெட்டிகள் நாலு, புதுப்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் எடைக்கு வந்திருப்பதாக நண்பர் ஃபோன் செய்தார். அவற்றைக் கொஞ்சம் தட்டிச் சரிசெய்தால் 24,048-க்கு வந்துவிடும் என்பது நமக்குத் தெரியும். சென்ட்ரலில் மழை, சிக்னலில் அரை மணி நேரம் போனது. நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். அலுமினியம் தனி, பித்தளை தனி. தங்க முலாம் பூசிய போர்டு ஒன்று இரண்டாகப் பிளந்து தண்ணீரில் கிடந்தது. நாலாவது பெட்டி அவன் காலடியில், ஃபிளாஞ்ச் (அலைவழிக்குழாயை மாட்டும் விளிம்பு) ஏற்கெனவே உடைந்திருந்தது. அதையாவது கொடு என்று வாங்கி வந்தேன். அவன் மேல் தப்பில்லை, அவனுக்கு அது கிலோ கணக்கு.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஜகதீஷ் சந்திர போஸைத்தான் நினைத்துக்கொண்டேன். 1890-களில் கொல்கத்தாவில் 5 மி.மீ. அலைநீளம் வரை போனவர், அதாவது 60 கிக். ஹார்ன், அலைவழிக்குழாய், படிக உணர்வான் எல்லாம் அவரே செய்துகொண்டது. கலீனா (ஈயக் கனிமம்) உணர்வானுக்கு அமெரிக்கக் காப்புரிமை 1904-இல் கிடைத்தது. அவருக்கு எடைக்குக்கூட எதுவும் கிடைத்திருக்காது. உடைந்த ஃபிளாஞ்சை நானே லேத்தில் கடைந்துகொண்டேன். பெட்டி வேலை செய்கிறது. ஆனாலும் அந்தச் சுத்தியல் சத்தம் காதிலேயே இருக்கிறது.

மயிலை மொட்டைமாடி

எல்லோருக்கும் நன்றி. நேற்று இதையெல்லாம் வேளச்சேரி அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய், அன்றைய லாக் நோட்டை எடுத்து வந்தார். 13:05-க்கு நேராகப் பென்சிலில் எழுதியிருக்கிறார்: “டயலை மூணு தடவை இறக்கியாச்சு. தம்பி குரல் இன்னும் இறங்குது.”

ஒரு விஷயம் கவனிச்சீங்களா என்று அவர் கேட்க வந்தது அதைத்தான். ஃபோனில் பேசும்போது நான் நீராவி என்று ஆரம்பித்ததும் அவரும் இதை மறந்துவிட்டார்.

இறங்கியது என் பெட்டியா, அவர் பெட்டியா என்பதுதான் இப்போது எங்களுக்குள் சண்டை. என் பெட்டிதான் திறந்த மாடியில் இருந்தது, அவருடையது பால்கனி நிழலில். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் டாங்கிள் மாட்டி, தெர்மாகோல் இல்லாமலே வைத்து, கடற்காற்றுக்காக உட்காரப் போகிறோம். கொடியில் புடவை இருக்கும்.