கொலை செய்யாமல் நம்மைத் தடுப்பது மனசாட்சியா, தண்டனை பயமா?

நொய்யல்காரன்:
"சட்டமே இல்லாவிட்டாலும் நான் யாரையும் கொல்ல மாட்டேன்" என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அவரைப் பொறுத்தவரை உண்மையாக இருக்கலாம். ஆனால் ஊர் அவரைப் போன்றவர்களால் மட்டும் ஆனது இல்லை. கனடாவில் மான்ட்ரியால் நகரப் போலீஸார் 1969 அக்டோபர் 7 அன்று சம்பளப் பிரச்சினைக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்று பகலிலேயே வங்கிக் கொள்ளைகள். இரவில் கடைத்தெருவில் கண்ணாடிகளை நொறுக்கிச் சாமான்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ராணுவத்தை வரவழைக்க வேண்டியதாயிற்று. முந்தின நாள் வரை ஒழுங்காக இருந்த அதே ஜனம்தானே? போலீஸ் இருக்கிறது என்பதால் அடங்கியிருந்தார்கள், வேறொன்றுமில்லை.

வக்கீல் மலர்:
ஐயா, நீங்கள் சொல்வது கொள்ளை. நாம் பேசுவது கொலை. அன்று மான்ட்ரியாலில் செத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கலவரத்தில் சுடப்பட்ட மாகாணப் போலீஸ்காரர். இன்னொருவர் திருடப் புகுந்த வீட்டில், வீட்டுக்கார டாக்டர் சுட்டதில் இறந்தவர். பத்து லட்சத்துக்கு மேல் ஜனம் உள்ள ஊர் அது. கடைக் கண்ணாடியை உடைத்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரன் கழுத்தில் கை வைக்கவில்லையே, ஏன்? தடுக்க அன்று நகரப் போலீஸே இல்லை.

நான் செஷன்ஸ் கோர்ட்டில் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறேன். கொலை வழக்கு என்றால் 302 கேஸ் என்றுதான் இன்னமும் வாயில் வருகிறது, புதிய சட்டத்தில் அந்தப் பிரிவு 103. கூண்டில் நிற்கும் குற்றம் சாட்டப்பட்டவர்களில் தண்டனையைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அரிவாளைத் தூக்கியவர்கள் குறைவு. வரப்புத் தகராறு, பணம் கொடுக்கல் வாங்கல், குடித்துவிட்டு வாய்ச்சண்டை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையைப் பாருங்கள். நாடு முழுவதும் 28,522 கொலை வழக்குகள். அதில் 9,962 தகராறில் நடந்தவை. ஆதாயத்துக்காக நடந்தவை 1,884 மட்டும்.

நொய்யல்காரன்:
அந்தக் கணக்கு எனக்கும் உதவுகிறது அம்மா. ஆத்திரத்தில் பயம் வேலை செய்யவில்லை, சரி. மனசாட்சி மட்டும் வேலை செய்ததா? இரண்டும் தோற்ற இடத்தைக் காட்டி ஒன்றை மட்டும் தோற்றது என்கிறீர்கள். பயம் ஜெயித்த இடங்கள் உங்கள் கோர்ட்டுக்கே வராது. கொல்ல நினைத்து, ஜெயிலை நினைத்து, வீட்டுக்குத் திரும்பிப் போனவன் மேல் யார் எஃப்.ஐ.ஆர். போடுவார்கள்?

வக்கீல் மலர்:
அதே கனடாவையே எடுத்துக்கொள்வோம். 1976-ல் கொலைக்கான மரண தண்டனையை நீக்கினார்கள். பயம்தான் காவல் என்றால் கொலை கூடியிருக்க வேண்டும். அடுத்து வந்த பத்தாண்டுகளில் கொலை விகிதம் குறையத்தான் செய்தது.

நொய்யல்காரன்:
தூக்குக் கயிறைப் பற்றி நான் பேசவே இல்லை. பிடிபடுவோம் என்ற நிச்சயம் ஒன்று, தண்டனை எவ்வளவு கொடியது என்பது வேறொன்று. பயம் முதலாவதில்தான் இருக்கிறது. தூக்கு போன பிறகும் கனடாவில் போலீஸ் இருந்தது, கோர்ட் இருந்தது, ஆயுள் தண்டனை இருந்தது.

தெற்குவீதி:
இரண்டு பேரும் மனிதனைத் தனியாளாக நிறுத்திவைத்துப் பேசுகிறீர்கள். பயமும் மனசாட்சியும் ஒரே நாளில் சோதனைக்கு வந்த ஓர் இடம் உண்டு. போலந்தில் யூசெஃபூவ் என்ற சிற்றூர், 1942 ஜூலை 13. ஜெர்மனியின் 101-ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் அங்கே போனது. ஏறக்குறைய 500 பேர், பெரும்பாலும் ஹாம்பர்க்கைச் சேர்ந்த நடுத்தர வயதுக் குடும்பஸ்தர்கள். ஊரிலுள்ள யூதர்களில் வேலைக்கு ஆகிற ஆண்களைத் தனியே பிரித்துவிட்டு, மற்றவர்களைச் சுட வேண்டும் என்பது உத்தரவு. அதைச் சொல்லும்போது தளபதி மேஜர் ட்ராப் கண் கலங்கியிருக்கிறார். முடியாது என்கிற மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். விலகியவர்களை அவர் தண்டிக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். சுட்டாலும் தண்டனை கிடையாது, சுடாவிட்டாலும் கிடையாது. அந்தக் காலையில் வரிசையை விட்டு வெளியே வந்தவர்கள் ஏறக்குறைய பன்னிரண்டு பேர். சாயங்காலத்துக்குள் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என்று சுமார் 1,500 பேர் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நடுவில் தாங்க முடியாமல் ஒதுங்கியவர்களும் உண்டு. பெரும்பாலோர் கடைசிவரை சுட்டார்கள். பிற்பாடு விசாரணையில் சிலர் சொன்ன காரணம், கூட இருந்தவர்கள் முன்னால் கோழையாகத் தெரிய விரும்பவில்லை என்பது. அவர்களை ஆட்டிவைத்த பயம் சட்டத்தைப் பற்றியது அல்ல, பக்கத்தில் நின்றவனைப் பற்றியது. எனக்கு இதைப் படித்ததிலிருந்து "நான் கொல்ல மாட்டேன்" என்று உறுதியாகச் சொல்ல நா எழுவதில்லை.

பொன்னி:
அப்படியென்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதுதான் மனசாட்சியா? அந்தப் பன்னிரண்டு பேருக்கும் பக்கத்தில் அதே ஆட்கள்தானே நின்றார்கள்?

வக்கீல் மலர்:
பொன்னி கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன். அதோடு ஒன்று. சுட்டவர்கள் அன்று இரவு முகாமில் சோறு இறங்காமல் குடித்துக் கிடந்தார்கள், நடந்ததைப் பற்றிப் பேசவே விரும்பவில்லை. மேலிடத்துக்கு இது தெரிந்தே இருந்தது. அடுத்தடுத்து அந்தப் பட்டாலியனுக்குக் கொடுத்த வேலையில் பெரும்பகுதி, ஜனங்களை வளைத்து ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயில் ஏற்றுவதுதான். நேரில் சுடுவதையும் முடிந்தவரை வேறு துணைப்படையிடம் விட்டார்கள். அரசாங்கமே கொல்லச் சொன்ன இடத்தில்கூட ஆளின் முகத்தைக் கண்ணில் படாமல் வைக்க வேண்டியிருந்தது. மனசாட்சி என்று ஒன்று இல்லை என்றால் அதற்கு என்ன அவசியம்?

நொய்யல்காரன்:
இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை அம்மா. சோறு இறங்கவில்லை, ஆனால் துப்பாக்கி இறங்கவில்லையே. அந்த 1,500 பேருக்கு அந்த மனசாட்சியால் என்ன பயன்? 1960-களில் இதே ஆட்களை ஹாம்பர்க்கில் கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்த விசாரணை வரும் என்று 1942-லேயே உறுதியாகத் தெரிந்திருந்தால், வரிசையை விட்டு எத்தனை பேர் வெளியே வந்திருப்பார்கள்? பன்னிரண்டோடு நின்றிருக்கும் என்று நீங்கள் நம்புகிறீர்களா?