துப்பாக்கி பெர்மிட்டில் பழைய அட்ரஸ்: வீடு மாறியபோது உங்களுக்கு என்ன நடந்தது?

டெக்சஸ்_தறி

நடந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

போன ஆகஸ்டில் அர்விங் அபார்ட்மெண்டைக் காலி செய்துவிட்டு ஃப்ரிஸ்கோவில் சொந்த வீட்டுக்கு வந்தோம். டிரைவிங் லைசென்ஸ், பேங்க், மகள் பள்ளி எல்லாவற்றிலும் அட்ரஸ் மாற்றினேன். துப்பாக்கியை வெளியில் கொண்டுபோக டெக்சஸ் தரும் எல்.டி.சி. பெர்மிட்டில் மட்டும் மாற்றவில்லை. டிரைவிங் லைசென்ஸ், எல்.டி.சி. இரண்டையும் தருவது ஒரே டி.பி.எஸ். (மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை) தானே, ஒன்றில் மாற்றினால் மற்றதிலும் மாறிவிடும் என்று நினைத்துவிட்டேன். மாறாது. 30 நாளுக்குள் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்கு நாலு மாதம் ஓடிவிட்டது.

அன்றைக்குச் சனிக்கிழமை. துப்பாக்கி சுடப் பழகும் ரேஞ்சுக்குப் போய்விட்டு, நண்பர் வீட்டில் விட்டிருந்த மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். துப்பாக்கி இடுப்பில். பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தினார். லைசென்ஸ் கேட்டார். கையில் துப்பாக்கி இருக்கும்போது ஐ.டி. கேட்டால் எல்.டி.சி.யையும் சேர்த்துக் காட்ட வேண்டும், அதனால் இரண்டையும் கொடுத்தேன். டார்ச் ஒரு கார்டில் நின்றது, அடுத்ததுக்குப் போனது, மறுபடி முதல் கார்டுக்கு வந்தது. "இப்போது எந்த வீட்டில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன்னால் பின்சீட்டிலிருந்து மகள் சொன்னாள். ஏழு வயது. அபார்ட்மெண்ட் எண், தெரு, அர்விங், ஜிப் கோடு, எல்லாம் ஒரே மூச்சில். எங்காவது தொலைந்துபோனால் சொல்லத் தெரிய வேண்டும் என்று கிண்டர்கார்ட்டன் நாளில் நாங்கள் பாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்த பழைய அட்ரஸ். கேள்வி அவளுக்கு என்று நினைத்துவிட்டாள்.

அந்த அதிகாரி குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சும்மா இருந்த கை பெல்ட் பக்கம் இறங்கியது. அவ்வளவுதான், இரண்டு விநாடி. அப்புறம் என்னை மெதுவாக இறங்கச் சொல்லி, துப்பாக்கியை எடுத்துத் தன் காரில் வைத்துக்கொண்டு, பதினைந்து நிமிடம் சரிபார்த்தார். குண்டை நீக்கி, மேகசினைத் தனியாகத் திருப்பித் தந்தார். கத்தவில்லை, மரியாதைக் குறைவாகப் பேசவும் இல்லை. "இதை மாற்றிவிடுங்கள்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து மாற்றினேன். பத்து நிமிட வேலை.

வீட்டுக்கு வந்து படுக்கும்போது மகள் கேட்டாள்: "நான் தப்பா சொல்லிட்டேனாப்பா?"

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கேரி_நர்ஸ்

தப்பு அவள் மேல் இல்லை என்று குழந்தையிடம் இன்னொரு தடவை சொல்லுங்கள் தம்பி. ஒரு தடவை சொன்னால் போதாது.

என்னுடையது போலீஸ் நிறுத்திய கதை இல்லை, கவுண்டரில் நடந்தது. நார்த் கரோலினாவில் பெர்மிட் தருவது கவுண்டி ஷெரிஃப். கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி, ஷெரிஃப் அதன் போலீஸ் தலைவர். வீடு மாறினால் 30 நாளுக்குள், எந்த ஷெரிஃப் தந்தாரோ அவருக்கே தெரிவிக்க வேண்டும். நான் கவுண்டி எல்லையைத் தாண்டி வந்திருந்தேன். முதலில் புது ஊர் ஆபீசுக்குப் போய் நின்றேன், பழைய இடத்துக்கே போகச் சொன்னார்கள். நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் மறுநாள் அங்கே போனேன்.

என் சிக்கல் பெயர். இந்தியப் பாஸ்போர்ட்டில் எனக்கு ஒரே பெயர்தான், இனிஷியலை விரித்து எழுதவில்லை. விசாவில் முதல் பெயருக்கான இடத்தில் எஃப்.என்.யு. என்று போட்டார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். கிரீன் கார்டு, பெர்மிட் எல்லாவற்றிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. சிட்டிசன்ஷிப் வாங்கும்போதுதான் அப்பா பெயரைச் சேர்த்துச் சரிசெய்தேன். ஆக டிரைவிங் லைசென்ஸில் ஒரு பெயர் ஒரு அட்ரஸ், பெர்மிட்டில் வேறு பெயர் வேறு அட்ரஸ்.

உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து "ஃப்னு! ஃப்னு!" என்று யாரோ கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவைதான் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று புரிந்தது. எழுந்து நடந்தபோது எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இந்த இரண்டு பேரும் ஒரே ஆள் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். சிட்டிசன்ஷிப் சான்றிதழின் ஒரிஜினலை பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து நீட்டினேன். அதன் முத்திரையைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் டைப் அடிக்க ஆரம்பித்தாள்.

அவள் வேலையைத்தான் செய்தாள். ஆனால் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதை என் தாத்தா வைத்தார்.

ஹில்கன்ட்ரி

தறி சார், படிக்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயது ஆனவர், சட்டப்படி தடை ஏதும் இல்லாதவர், பெர்மிட் இல்லாமலே கைத்துப்பாக்கியை வெளியில் கொண்டுபோகலாம். அப்புறம் எதற்கு இந்த கார்டு? நான் டிரிப்பிங் ஸ்பிரிங்ஸ் வந்த வருஷமே காலாவதி ஆனது, புதுப்பிக்கவில்லை. கார்டு இல்லை, அதில் பழைய அட்ரஸ் என்ற பேச்சும் இல்லை. போன மாதம் வேகமாகப் போனதற்கு நிறுத்தினார்கள். டிரைவிங் லைசென்ஸ் மட்டும் கொடுத்தேன், ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டார்கள்.

பழைய_டெட்ராய்ட்

ஹில்கன்ட்ரி தம்பி, நீங்கள் எழுதியது எனக்குச் சரியாகப் படவில்லை. இளைஞர்கள் நிறையப் பேர் படிப்பார்கள், அதனால் விட முடியவில்லை.

என் கதை சின்னது. டிராயிலிருந்து நோவிக்கு மாறினேன். இங்கே மிச்சிகனில் போலீஸ் நிறுத்தினால் அவர் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது, துப்பாக்கி இருக்கிறது என்று நாமே உடனே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முதல் தடவைக்கே 500 டாலர் அபராதம், துப்பாக்கி லைசென்ஸும் ஆறு மாதம் நிறுத்தம். நான் சொன்னேன். கையோடு "அட்ரஸ் பழையது, மாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறேன்" என்றும் சொன்னேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கார்டைத் துடைத்துத் திருப்பித் தந்தார்.

இனி பெர்மிட் எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1000 அடிக்குள், அதாவது சுமார் 300 மீட்டருக்குள், பொது இடத்தில் துப்பாக்கியோடு இருப்பதை மத்திய சட்டம் தடுக்கிறது. அந்தப் பள்ளி இருக்கிற மாநிலமே தந்த லைசென்ஸ் உங்களிடம் இருந்தால் விலக்கு. குண்டில்லாமல் பூட்டிய பெட்டியில் இருந்தாலும், தனியார் இடத்துக்குள் இருந்தாலும் விலக்கு. பெர்மிட் தேவையில்லை என்று டெக்சஸ் சொன்னதால் அந்த மத்திய சட்டம் மாறிவிடவில்லை. நீங்கள் தினமும் போகும் சாலை பள்ளியிலிருந்து எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இதே காரணத்தால்தான் மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களுக்கு அட்ரஸ் மாற்றுவது மட்டும் போதாது. டெக்சஸ் கார்டை வேறு மாநிலம் ஒப்புக்கொண்டாலும், அங்கே இருக்கும் பள்ளி வாசலில் அது விலக்கு தராது. சில மாநிலங்கள் ஒப்புக்கொள்வதே இல்லை. கலிஃபோர்னியா எந்த வெளிமாநில பெர்மிட்டையும் ஏற்காது. காரில் ஊர் சுற்றுபவர்கள் வழியில் வரும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கும்போதும் அட்ரஸ் உண்டு. துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தில் இப்போது குடியிருக்கும் அட்ரஸைத்தான் எழுத வேண்டும், காட்டும் ஐ.டி.யிலும் அதுவே இருக்க வேண்டும். என் மைத்துனர் பழைய அட்ரஸ் இருந்த டிரைவிங் லைசென்ஸோடு போய் நின்றார், கடைக்காரர் விற்கவில்லை. காரின் ரெஜிஸ்ட்ரேஷனில் புது அட்ரஸ் இருந்ததால் அதைக் காட்டி மறுநாள் வாங்கினார்.

அப்புறம், எச்1பி வேலை விசாவில் இருக்கும் பிள்ளைகள் ரூம்மேட் துப்பாக்கியைக் கூடத் தொடாதீர்கள். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர மத்திய சட்டம் உங்களை அனுமதிக்காது. யாரும் இதைக் கேட்கவில்லை என்று தெரியும். ஒரு பையன் விஷயத்தில் இது எங்கே போய் முடிந்தது என்று நேரில் பார்த்தவன், அதனால் சொல்கிறேன்.

ஹில்கன்ட்ரி

பள்ளி விஷயம் எனக்குத் தெரியாது சார். தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன். ஆனால் எங்கள் பக்கம் இதற்காக யாரையும் பிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பழைய_டெட்ராய்ட்

முதலில் பிடிபடுகிறவன் நீங்களாக இருக்க வேண்டாம் தம்பி.

பே_ஏரியா_கடை

கலிஃபோர்னியாவில் இது இன்னும் கடினம். வீடு மாறினால் 10 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வீட்டு அட்ரஸை வைத்து வாங்கிய துப்பாக்கி லைசென்ஸ் என்றால், கவுண்டி விட்டுக் கவுண்டி போனபின் 90 நாளில் காலாவதி.

மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் கடையை மூடும் நேரத்தில் என் மனைவி நெற்றியில் துப்பாக்கி வைத்துப் பணம் எடுத்துப் போனார்கள். அதற்கப்புறம்தான் விண்ணப்பித்தேன். கிடைக்க ஏழு மாதம் ஆனது. பிறகு வாடகை கட்டுப்படியாகவில்லை, மவுண்டன் ஹவுஸ் பக்கம் வீடு மாறினோம். கடை பழைய கவுண்டியில், வீடு புது கவுண்டியில். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார்கள். 16 மணி நேர வகுப்பு, கைரேகை, நேர்காணல் எல்லாம். வாரத்தில் ஏழு நாளும் கடை திறப்பவனுக்கு 16 மணி நேரம் எங்கிருந்து வரும்?

தொண்ணூறாவது நாள் சாயங்காலம் துப்பாக்கியை வீட்டு சேஃபில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒன்பது மணிக்குக் கடையை மூடப் போனேன். மனைவி கல்லாவில் பணம் எண்ணிக்கொண்டிருந்தாள். என் இடுப்பைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. எண்ணியதை விட்டுவிட்டு முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

புது கவுண்டியில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். இன்னும் வரவில்லை.

டாம்பா_வாசி

கடைக்கார அண்ணா, சீக்கிரம் கிடைக்க வேண்டிக்கொள்கிறேன்.

ஃப்ளோரிடாவில் துப்பாக்கி லைசென்ஸ் தருவது விவசாயத் துறை. அட்ரஸ் மாறினால் 30 நாளுக்குள் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் 25 டாலர் அபராதம். 25 டாலர்தானே என்று நானும் விட்டுவிட்டேன். யோசிக்காமல் போனது என்னவென்றால், லைசென்ஸ் முடியப்போகிறது என்ற கடிதமும் பழைய அட்ரஸுக்குத்தான் போகும். ஏழு வருஷ லைசென்ஸ், முடியும் தேதி யாருக்கு ஞாபகம் இருக்கும்?

ஒருநாள் பழைய வீட்டில் இப்போது குடியிருக்கும் அம்மா போன் செய்து, உங்கள் தபால் ஒரு பை நிறைய இருக்கிறது என்றார். போய் வாங்கிவந்தேன். மேலே என் சித்தப்பா மகள் கல்யாணப் பத்திரிகை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது, கும்பகோணத்திலிருந்து வந்தது. கல்யாணமே முடிந்துவிட்டது. அதற்கு அடியில் விவசாயத் துறை கடிதம், மஞ்சள் அதன் உறையிலும் ஒட்டியிருந்தது. தேதியைப் பார்த்தேன். லைசென்ஸ் முடிந்து 180 நாள் தாண்டினால் புதுப்பிக்க முடியாது, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு 194 நாள் ஆகியிருந்தது. அந்த ஆறு மாதமும் லைசென்ஸ் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஜார்ஜியா வரை காரில் போய் வந்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

கேரி_நர்ஸ்

டெட்ராய்ட் சார், நீங்கள் சொன்னதெல்லாம் உபயோகமான விஷயம். ஆனால் தறி தம்பி கேட்டது சட்டம் இல்லை. குழந்தை முன்னால் அப்படி நின்றது அவர் மனதில் இருக்கிறது. எங்கள் வார்டில் இப்படிப் பயந்துபோன குழந்தைகளைப் பார்க்கிறேன். தம்பி, அவள் மறுபடி போலீஸ் காரைப் பார்த்தால் என்ன செய்கிறாள் என்று கவனியுங்கள். பேசாமல் இருந்தால் நீங்களாகப் பேச்சை எடுங்கள்.

டெக்சஸ்_தறி

அக்கா சொன்னது சரி. நேற்று பள்ளி வாசலில் போலீஸ் கார் நின்றது, அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். வீட்டுக்கு வந்து மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். அவளுக்குப் புது அட்ரஸ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். ஜிப் கோடின் கடைசி இரண்டு எண்ணில் இன்னும் பழையது வந்துவிடுகிறது.

ஹில்கன்ட்ரி சார், நான் கார்டை விடப்போவதில்லை. அவள் பள்ளிக்கு நானும் தினமும் போகிறவன்.

புது எல்.டி.சி. இன்றைக்குத் தபாலில் வந்தது. தெருப் பெயரில் ஒரு எழுத்து தப்பு. திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்குப் போகும் முன் போன் செய்ய வேண்டும்.