லீசு மக்களுக்காக எதை முன்வைத்து ஜெபிப்பது?

கேள்வி: நாகர்கோவிலுக்கு அருகேயுள்ள எங்கள் சபையின் உபவாசக் கூடுகையில், மியான்மர், தாய்லாந்து மலைகளில் வாழும் லீசு மக்களுக்காக ஜெபிக்கிறோம். “மலைவாழ் மக்களை ஆசீர்வதியும்” என்பதற்கு மேல் குறிப்பாக எதைக் கேட்கலாம்?

பதில் 1: சகோதரரே, மியான்மரின் லீசு மக்களுள் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களே. 1908இல் சீனா சென்று அங்குள்ள லீசு மக்களிடையே ஊழியம் செய்த மிஷனரி ஜேம்ஸ் பிரேசர், இங்கிலாந்தில் தம் தாயார் கூட்டிய சிறு ஜெபக்குழுவுக்கு ஊர்களின் நிலையையும் புதிய விசுவாசிகளின் தளர்ச்சியையும் விரிவாக எழுதி, அவற்றுக்காகவே மன்றாடும்படி கேட்டுக்கொண்டார். இன்று மியான்மரின் கச்சின் மாநிலத்தில் போரால் இடம்பெயர்ந்தோருக்காகவே முதலில் ஜெபியுங்கள்.

பதில் 2: உள்ளூர் ஊழியர்களையும் மறவாதீர்கள், ஐயா. 1816இல் மிஷனரி ரிங்கல்தௌபே புறப்பட்டபின் நம் மயிலாடி சபையைத் தாங்கியவர் வேதமாணிக்கம் அல்லவா?

பதில் 3: அருணாசலப் பிரதேசத்தின் விஜயநகர் பகுதியிலும் லீசு மக்கள் வாழ்கிறார்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.