ஸ்லாலம் ஸ்கீ: முன்காலுக்கு எந்த பைண்டிங், பின்காலுக்கு எந்த பைண்டிங்? உங்கள் அனுபவம் என்ன?

படகு இழுத்துப் போகும் தண்ணீர்ச் சறுக்கில் ஒற்றை ஸ்கீக்கு, அதாவது ஸ்லாலமுக்கு, வருகிற எல்லோரும் கேட்கும் கேள்வி, பைண்டிங் (ஸ்கீயில் காலைப் பிடித்துவைக்கும் பாகம்) பற்றியது: பின்காலுக்கும் பூட் போடுவதா இல்லை டோ பிளேட் போதுமா என்பது. நான் இரண்டிலும் சறுக்கியிருக்கிறேன். என் அனுபவத்தைச் சொல்கிறேன், மற்றவர்களும் எழுதுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன் பைண்டிங் ஒரு முடிவு, பின் பைண்டிங் இன்னொரு முடிவு என்று பிரிக்கவே கூடாது. வேகமாகப் போகும்போது விழுந்தால் இரண்டு கால்களும் எந்த வரிசையில் கழலும் என்று யோசித்து, ஜோடியாகத்தான் எடுக்க வேண்டும். ஒரு கால் வெளியே வந்து மற்றது ஸ்கீயோடு மாட்டிக்கொண்டால் அவ்வளவு நீளப் பலகையும் நெம்புகோலாகி அந்த ஒரு கணுக்காலைத் திருகும். சுளுக்கோடு போகலாம், தசைநார் கிழியலாம், எலும்பும் முறியலாம்.

நான் ஆரம்பித்தது முன்னால் மென்மையான லேஸ் பூட், பின்னால் டோ பிளேட். டோ பிளேட் என்பது பாதத்தின் முன்பாதியை மேலிருந்து பிடிக்கும் ஒரு பட்டை, அவ்வளவுதான். குதிகால் திறந்தே இருக்கும். தண்ணீரில் மிதந்தபடி கிளம்பும்போது பின்காலை வெளியே விட்டு, சுக்கான் மாதிரி பின்னால் இழுத்துக்கொண்டே எழுந்து, நிலை வந்த பிறகு உள்ளே நுழைத்துக்கொள்ளலாம். இன்னொரு நல்ல விஷயம், குதிகால் பூட்டப்படாததால் பின்காலில் போய் உட்கார்ந்துகொள்ளும் பழக்கம் சீக்கிரம் வெளிப்பட்டுவிடும், எடை முன்காலுக்கு வரக் கற்றுக்கொள்வீர்கள். திருப்பத்தில் பின் குதிகால் லேசாக எழும்பும், அதற்காகப் பதற வேண்டாம்.

இதே அமைப்பில் என் கண் முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். என்னோடு சறுக்கும் நண்பர் ஒருவர் முன் பூட்டை நன்றாக இறுக்கிக் கட்டியிருந்தார், பின்னால் தொளதொள டோ பிளேட். திருப்பம் முடிகிற இடத்தில் ஸ்கீயின் மூக்கு தண்ணீரில் குத்தியது, உடம்பு முன்னால் பறந்தது, பின்கால் உடனே வந்துவிட்டது, முன்கால் வரவில்லை. கணுக்கால் தசைநார் கிழிந்து அந்த சீசன் முழுக்கக் கரையில் உட்கார்ந்திருந்தார். டோ பிளேட் வைத்துக்கொள்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: முன் பூட் இழுத்தால் வருகிற அளவுக்கு இருக்கட்டும், அல்லது விடுவிப்புப் பொறி உள்ளதாக இருக்கட்டும்.

* * *

நான் இரண்டு கால்களுக்கும் பூட் போடுகிறவன், மறுபக்கத்தையும் எழுதுகிறேன்.

மாறியதற்குக் காரணம் கோர்ஸ், அதாவது மிதவைகளைச் சுற்றித் திரும்பிப் போக வேண்டிய போட்டிப் பாதை. படகின் பாதையிலிருந்து மிதவை 11.5 மீட்டர் தள்ளி இருக்கும். 18.25 மீட்டர் கயிற்றில் தொடங்கி 16, 14.25, 13, 12 என்று சுருக்கிக்கொண்டே போகிறார்கள், 11.25 வரும்போது கயிறே மிதவையின் தூரத்தைவிடச் சின்னது. மீதியை உடம்பைச் சாய்த்து எட்டித்தான் எடுக்க வேண்டும். படகு ஆண்களுக்கு அதிகபட்சம் மணிக்கு 58 கிலோமீட்டர், பெண்களுக்கு 55. நான் அந்தக் கயிற்றுப் பக்கம் எல்லாம் போகவில்லை. ஆனாலும் படகு கிளப்பும் அலையைத் தாண்டும்போது பின்கால் டோ பிளேட்டில் கொஞ்சம் நகர்ந்தால்கூட அடுத்த திருப்பம் கெட்டுப்போவதை நன்றாக உணர்ந்தேன். பின் பூட் போட்டதும் ஒவ்வொரு முறையும் கால் அதே இடத்தில் இருந்தது, ஸ்கீ என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடிந்தது. எனக்கு அது பெரிய நிம்மதி.

கிளம்புவதுதான் ஆரம்பத்தில் சிரமம். இரண்டு காலும் உள்ளே, துடுப்பாக உதவ எதுவும் வெளியே இல்லை, முழங்கால்கள் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், படகை ஓட்டுபவர் அவசரப்படாமல் இழுக்க வேண்டும். அவசரப்பட்டு எழுந்தால் பக்கவாட்டில் சரிந்துவிடுவீர்கள். பழகினால் வந்துவிடும்.

பாதுகாப்பு என்று வந்தால் மேலே எழுதிய நண்பரோடு முழுக்க ஒத்துப்போகிறேன். இரண்டு பூட் என்றால் இரண்டும் சேர்ந்து வர வேண்டும், இல்லையென்றால் இரண்டும் உள்ளேயே இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஒரே பிளேட்டில், விறைப்பான வெளிக்கூடு கொண்ட இரண்டு கடின பூட்டையும் பொருத்தி, அந்த பிளேட்டை டூயல் லாக் என்ற, ஒன்றோடொன்று கோத்துப் பிடிக்கும் பட்டையால் ஸ்கீயில் ஒட்டும் வகை. பலமாக விழுந்தால் பிளேட் முழுசாகப் பிய்ந்து வரும், காலில் பூட் இருக்கும், ஸ்கீ தனியாக மிதக்கும். அந்தப் பட்டையில் காளான் குடை மாதிரிப் பொடிப்பொடியாக இருப்பவை தேயும், மணல் புகுந்தால் பிடிக்காது. அதனால் ஒட்டும் முன் ஒவ்வொரு முறையும் பட்டையைக் கழுவிப் பார்க்கிறேன். ஒட்டும் பரப்பைக் கூட்டிக் குறைத்துப் பிடிப்பை மாற்றலாம். ஆனால் எடை அதிகமானவர் ஒருவரின் அளவை மெலிந்தவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு வகையில் முன் பூட்டின் குதிகால் பக்கம் பனிச்சறுக்கு பைண்டிங்கில் வருவது மாதிரி ஒரு விடுவிப்புப் பொறி இருக்கும், இறுக்கத்தைத் திருகி மாற்றிக்கொள்ளலாம். அதைப் பின்னால் டோ பிளேட்டோடு ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். முன்னால் குப்புற விழுவதற்கு அது நன்றாக வேலை செய்கிறது. முறுக்கி விழும்போது அதே அளவுக்கு நம்ப முடியாது என்பது என் எண்ணம்.

ஒருபோதும் செய்யக் கூடாதது என்று நான் நினைப்பது கலப்பு ஜோடி: முன்னால் கழன்று வரும் கடின பூட், பின்னால் தனி பிளேட்டில் இறுக்கிக் கட்டிய லேஸ் பூட். முன்கால் விடுபட்ட பிறகு பின்காலின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

* * *

சின்னதாக என் பங்கு. அளவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! பூட்டை ஈரக்காலோடு போட்டுப் பார்க்க வேண்டும். முழங்காலை மடக்கி, கணுக்காலை முன்னால் வளைத்து நில்லுங்கள். முன்காலின் குதிகால் மேலே எழும்பினால் அந்த பூட் உங்களுக்கு இல்லை, எவ்வளவு நல்ல பெயர் வாங்கியதாக இருந்தாலும் சரி. கணுக்கால் வளையவே இடம் கொடுக்காத விறைப்பான பூட்டும் வேண்டாம், எடை தானாகப் பின்னால் போய்விடும். மேல் லேஸும் கீழ் லேஸும் தனியாக இருக்கும் பூட்களில் நான் கீழே இறுக்கமாகவும் மேலே கொஞ்சம் தளர்வாகவும் கட்டுகிறேன். சூடாக்கிக் காலின் வடிவத்துக்குப் படிய வைக்கிற லைனர் (பூட்டின் உள்ளுறை) கிடைத்தால் கடின பூட்டின் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

அப்புறம் ஸ்க்ரூ. தண்ணீரில் இறங்கும் முன் எல்லா ஸ்க்ரூவையும் கையால் ஒரு முறை சோதியுங்கள், தயவுசெய்து.

* * *

நான் இன்னும் இரண்டு ஸ்கீயில் எழுந்து, ஒன்றைக் கழற்றிவிடப் பழகிக்கொண்டிருக்கிறேன். எந்தக் கால் முன்னால் என்பதே தெரியவில்லை. பின்னாலிருந்து யாராவது தள்ளினால் எந்தக் கால் முதலில் நீள்கிறதோ அதுதான் என்கிறார்கள், எனக்கு ஒவ்வொரு தடவையும் வேறு கால் வருகிறது. பைண்டிங்கை எந்தத் துளையில் பூட்டுவது என்பதும் புரியவில்லை.

* * *

முதல் பதிவை எழுதியவன்தான். தள்ளிப் பார்க்கும் முறையை நானும் நம்புவதில்லை. இரண்டு ஸ்கீயில் நேராகப் போகும்போது ஒரு ஸ்கீயைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள், பிறகு மற்றதை. எந்தக் காலில் நிற்கும்போது உடம்பு அமைதியாக இருக்கிறதோ அதை முன்னால் வையுங்கள். கழற்றிவிடப் பழகும் கட்டத்தில் பின்னால் டோ பிளேட் மட்டும்தான், வேறு பேச்சே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது காலை பூட்டுக்குள் நுழைக்க முடியாது.

துளை விஷயத்தில், ஸ்கீ தயாரித்தவர் சொல்லும் இடத்தில் தொடங்குங்கள். ஸ்கீயின் வால் முனையிலிருந்து முன் பூட்டின் குதிகால் வரை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள், பிறகு எந்த பூட் மாற்றினாலும் அந்த எண்தான் துணை. முன்னால் நகர்த்தினால் ஸ்கீயின் முன்பகுதி அதிகமாகத் தண்ணீரைப் பிடிக்கும், சட்டென்று திரும்பும், அளவு மீறினால் மூக்கு குத்தும். பின்னால் நகர்த்தினால் மூக்கு உயர்ந்து நிற்கும், நிதானமாக இருக்கும், திருப்பம் தாமதிக்கும். ஒரு நேரத்தில் ஒரு துளை மட்டும் நகர்த்துங்கள், அதோடு ஃபின்னை (ஸ்கீயின் அடியில் வால் பக்கம் இருக்கும் தகடு) தொடாதீர்கள். இரண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. பின் பிளேட்டை முன் பூட்டின் குதிகாலுக்குப் பின்கால் விரல்கள் கிட்டத்தட்ட இடிக்கிற அளவுக்கு நெருக்கமாக வையுங்கள். இடைவெளி விட்டால் கால்கள் அகன்று இடுப்பு பின்னால் விழும், அப்புறம் எந்த பூட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது.