மரம் நட்ட மலையில் உங்கள் அனுபவம் என்ன?

பீலிக்கரை, அப்புத்தளை:

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் இந்த வருசமும் மரக்கன்று வந்து இறங்கியது. லொறி, பேனர், தொப்பி, தேத்தண்ணி, போட்டோ. நட்ட இடம் கைவிட்ட தேயிலை மலை. லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) மாடு வளர்க்கிற குடும்பங்கள் அங்கேதான் புல் அறுக்கின்றன. இனி உள்ளே கால் வைக்கக் கூடாதாம். "மரம் நல்லதுதான் தம்பி, மாட்டுக்கு நான் எங்க போவேன்?" என்று ஒரு அம்மாயி கேட்டார். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே அவருக்கும் ஒரு தொப்பி கொடுத்தார்கள்.

மரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மீரியபெத்தை எங்களுக்குத் தூரமில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. மேலே வேர் பிடித்து நிற்க வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஊவா மாகாணத்தில் ஆனி, ஆடி என்றால் காய்ந்த காற்றுதான். கன்றுக்குத் தண்ணி ஊத்துவது யார், அதற்குப் பேர் போட்டு நாள்சம்பளம் தருவீர்களா என்று கேட்டேன். "தானா வளரும்" என்றார்கள்.

நட்டவர்கள், வெட்டியவர்கள், நெருப்பு அணைக்க ஓடியவர்கள் எல்லோரும் எழுதுங்கள்.

பழைய கண்டாக்கு, வெலிமடை:

தம்பி, தோட்டத்தில் கண்டாக்காக வேலையை மேற்பார்வை பார்த்தவன் சொல்கிறேன், இது நீங்கள் பிறக்க முந்தியே தொடங்கிய கதை. 70களின் கடைசியிலும் 80களிலும் வனத்திணைக்களம் இந்த மலைகளில் பைனஸ் (ஊசியிலை மரம்) போட்டுக்கொண்டே போனது. மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம். செத்த மண்ணிலும் பிடிக்கும், மாடு கடிக்காது, சீக்கிரம் உயரும். மகாவலி அணைகளில் மண் போய் நிரம்பாமல் மேல்மலையைப் பச்சையாக்க வேண்டும் என்ற அவசரமும் இருந்தது. அந்த அவசரம் நியாயமானதுதான். கோப்பிக்காகக் காட்டை வெட்டினான் வெள்ளைக்காரன். 1869இல் இலைநோய் தலைகாட்டி, கோப்பி அழிந்து, தேயிலை வந்தது. மேல்மண் அன்று ஓடத் தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை.

ஆனால் பைனஸ் ஊசி லேசில் மக்காது. மெத்தை விரித்த மாதிரிக் கிடக்கும், ஒரு பீடித்துண்டு போதும். எல்ல, பண்டாரவளை, பெரகல பக்கம் வெயில் காலத்தில் மலை எரிவது யாருக்கும் புதிதல்ல. யார் வைத்தது என்று பொலிஸ் கேட்கும். மாட்டுக்காரராக இருக்கலாம். மானாப்புல் முற்றினால் மாடு வாய் வைக்காது, எரித்தால் தளிர் வரும். வேட்டைக்குப் போனவனாகவும் இருக்கலாம். நான் பார்த்தது வேறு விசயம், அணைக்க யார் போனார்கள் என்பது.

ஒரு வருசம் எங்கள் எல்லைக்கு மேலே பைனஸ் காடு பற்றியது. லயத்து ஆட்கள் தேயிலை ஓரமாகப் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புப் போட்டுவிட்டு நின்றார்கள். காட்டுக்குள் இறங்கவில்லை. சத்தம் போட்டேன். "ஐயா, அதுல ஒரு சுள்ளி எடுத்தா கேஸ் போடுறாங்க. எரியிறது அவங்க சாமான்" என்றார் ஒருவர். எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் காட்டில் பிசின் எடுக்கும் குத்தகையும் வெளி ஆளிடம்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து நெருப்பு நாங்கள் தண்ணி பிடிக்கிற பீலிக்கு மேலே இருக்கிற சோலைப் பக்கம் திரும்பியது. யாரும் கூப்பிடவில்லை. பொம்பளைகள் குடத்தோடு ஏறினார்கள், பிள்ளைகள் பச்சைக் கொப்பு முறித்து அடித்தார்கள். இருட்டுவதற்குள் அணைந்துவிட்டது.

கொழுந்துக்கூடை, தலவாக்கலை:

எங்கள் பக்கம் பைனஸ் குறைவு, டர்பன்டைன்தான் (யூக்கலிப்டஸ் மரத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்). பெக்டரி அடுப்புக்கு விறகு வேண்டுமே. ஒரு கிலோ தேயிலைத் தூள் காய ஒன்றரைக் கிலோ விறகாவது போகும், சில இடத்தில் இரண்டு. அது லொறியில் பெக்டரிக்குப் போய்விடும். எங்களுக்கு மிலாறு, வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி. அதுவும் கவ்வாத்து நடந்தால்தான், ஒரு மலைக்கு நாலைந்து வருசத்துக்கு ஒருதரம். 2022இல் சமையல் கேஸ் இல்லாமல் போனபோது லயம் முழுக்க அடுப்பு ஊதியது. அம்மா கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து, மறுபடி மலை ஏறி விறகு தேடுவார். அந்த டர்பன்டைன் மரத்துக்கு மேலே குளவிக்கூடு. காற்றடித்தால் கலைந்து கீழே நிரையில் நிற்கிறவர்கள் மேல்தான் விழும்.

நல்லதையும் சொல்கிறேன் அண்ணே. முந்தி இருந்த துரை (தோட்ட மனேஜர்) ஒருவர் லயத்துக்குப் பின்னால் கான் (வடிகால்) ஓரமாகக் குவாத்தமாலாப் புல்லும் சவுக்கும் (கிரேவிலியா மரம்) வைக்கவிட்டார். புல் அறுக்கிற வீடுதான் அந்தக் கானை வாரி வைக்க வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம். மண் இறங்கவில்லை, ஒரு சவுக்கும் சாகவில்லை, பாலும் சேர்ந்தது. எல்லாம் வாய்ப்பேச்சு. அவர் மாறிப் போனதும் புதுத் துரை புல்லைப் பிடுங்கச் சொன்னார்.

ஏலத்தோட்டம், இரத்தோட்டை:

அப்பா நக்கிள்ஸ் மலைக்காட்டில் ஏலம் பறித்தவர். 2000இல் அதைப் பாதுகாப்புக் காடாக்கினார்கள். ஏலத்துக்கு நிழல் வேண்டும் என்று பெரிய மரத்தை விட்டுவைப்போம். அடிக்காட்டைச் சுத்தமாக வழித்துவிடுவோம், காயப்போட விறகும் அங்கேயே எடுப்போம். இளமரம் எங்கே வரும்? நிறுத்தியது சரி என்று அப்பாவே சொல்வார். ஆனால் எங்கள் வீட்டுக்கு மாற்று வேலை என்று எதுவும் வரவில்லை. அவர் கொழும்பில் கடைவேலைக்குப் போனார். காடு இப்போது நன்றாகத்தான் இருக்கிறது, போய்ப் பார்த்தேன்.

பழைய கண்டாக்கு, வெலிமடை:

தங்கச்சி சொன்ன வாய்ப்பேச்சு விசயத்தை விடாதீர்கள். 70களில் அரசு எடுத்த காணி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. 53 வருசக் குத்தகை, 2045 வரை. அவர்களுக்காவது ஒரு கணக்கு இருக்கிறது, சவுக்கு நட்டால் வெட்டிக் காசாக்கலாம். லயத்துக்காரனுக்கு வீடு கட்ட 7 பேர்ச்சஸ் காணி வாங்கவே எத்தனை கூட்டம், எத்தனை மனு. இருபது வருசத்தில் பலன் தரும் மரத்தை எந்த நம்பிக்கையில் காப்பான்?

பீலிக்கரை, அப்புத்தளை:

நன்றி ஐயா, தங்கச்சி. கோயில் கூட்டத்தில் பேசினோம். புல் அறுக்கும் உரிமையை எழுதித் தர வேண்டும், தண்ணி ஊத்தவும் தீத்தடுப்பு வெட்டவும் பேர் போட வேண்டும் என்று கடிதம் எழுதுகிறோம். பீலிக்கு மேலே டர்பன்டைன் கன்று நட்டிருக்கிறார்கள், அதை மாற்றச் சொல்லலாமா? என்ன மரம் கேட்கலாம்?

ஏலத்தோட்டம், இரத்தோட்டை:

கட்டாயம் மாற்றச் சொல்லுங்கள், அது தண்ணியை உறிஞ்சும். சோலையில் ஏற்கெனவே நிற்கிற மரத்தின் விதையைப் பொறுக்கி லயத்திலேயே நாற்றுப் போடுங்கள். நாற்றுக்கும் காசு கேளுங்கள், சும்மா கொடுக்காதீர்கள்.