மூன்றாம் சுற்றோடு கார் சூடேறிவிடுகிறது, சனிக்கிழமைக்கு முன் உதவி தேவை

உப்புவெளி86:
வணக்கம். போன வாரம் கட்டுக்குருந்தை கார்ப் பந்தய ஓடுபாதையில் என் காரை முதன்முறையாக வேகமாக ஓட்டிப் பார்த்தேன். இரண்டு சுற்றுகள் நன்றாகவே போயின. மூன்றாவதில் சூடேறி, அதற்கு மேல் ஓட்ட முடியாமற் போயிற்று. வரும் சனிக்கிழமை மறுபடியும் போகிறேன். திருகோணமலையில் கச்சான் காற்று அனலாய் வீசுகிறது, கட்டுக்குருந்தையிலும் மழை விட்டு வெயில் ஏறியிருக்கிறது. எதை மாற்ற வேண்டும்? அவசரம்.

கிண்ணியாக்காரன்:
எந்தக் கார், எந்த ஆண்டு, சூடேறியது எது என்று எழுதினால்தானே தம்பி பதில் சொல்ல முடியும்?

சீனக்குடா_கராஜ்:
கேட்கவே தேவையில்லை, ரேடியேற்றர்தான். கடற்கரையோரம் நிறுத்தும் கார்களில் ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் நடுவே மணலும் பூச்சிச் சிறகும் சேர்ந்து களியாக அப்பியிருக்கும். சென்ற மாதம் ஒரு காரில் கழற்றியபோது சிரட்டை நிறைய அள்ளினேன். எஞ்சினை ஆற்றும் கூலண்டுக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய காராக இருந்தால் உள்ளேயும் சுண்ணாம்பு படிந்திருக்கும்.

பழைய_ஓட்டுநர்:
வைத்தியரிடம் போய் "நோகிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்துச் சீட்டுக்குக் கை நீட்டுவோருக்கு இங்கே குறைவில்லை. காரின் பெயரையே எழுதாதவர் ஓடுபாதைக்குப் போவதற்கு முன் காரின் கையேட்டை ஒருமுறை புரட்டுவது நல்லது.

உப்புவெளி86:
மன்னிக்கவும், எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். டொயோட்டா 86, 2013ஆம் ஆண்டு. வெப்பமானியின் முள் கடைசிவரை நடுவிலேயே நின்றது.

கடற்காற்று:
அந்த முள் தண்ணீரின் சூட்டை மட்டுமே காட்டும். அதுவும் உண்மையான ஏற்ற இறக்கத்தைக் காட்டாமல் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது. இந்தக் காரின் 2.0 லீற்றர் பொக்சர் எஞ்சினுக்கு 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஒயிலே பரிந்துரைக்கப்படுகிறது, ஓடுபாதையில் அதன் சூடு விரைவில் 120 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். காரின் கணினியைப் படிக்கும் கண்டறியும் கருவியைச் செருகி ஒயிலின் சூட்டைப் பாருங்கள். 130ஐ நெருங்கினால் வேகத்தைத் தணியுங்கள். அடிக்கடி போவதானால் ஒயிலை ஆற்றும் கூலர் ஒன்றைப் பூட்டுங்கள்.

சீனக்குடா_கராஜ்:
அதற்கு முன் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. பொனற்றின் கீல்களுக்கு அடியில் வொஷர்களை வைத்துப் பின்விளிம்பைச் சற்று உயர்த்தினால், சூடு அதன் வழியே வெளியேறிவிடும்.

மூதூரான்:
கார் நிற்கும்போது வெளியேறும், ஒத்துக்கொள்கிறேன். ஓடும்போது முன்கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் கூடியிருக்கும் என்பதால், அந்த இடைவெளி வழியே காற்று உள்ளே போகுமே தவிர வெளியே வராது. காருக்குள் காற்று எடுக்கும் துவாரத்தை அந்த இடத்தில் வைப்பதும் அதனால்தான்.

சீனக்குடா_கராஜ்:
இந்த முறையில் எத்தனையோ கார்களைச் செய்து கொடுத்திருக்கிறேன், ஒருவரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

மூதூரான்:
அண்ணை, ஒரு கம்பளி நூலைப் பொனற்றின் பின்விளிம்பில் ஒட்டிவிட்டு நிலாவெளி வீதியில் ஓட்டிப் பாருங்கள். நூல் எந்தப் பக்கம் சாய்கிறதோ, காற்று அந்தப் பக்கம் போகிறது.

கிண்ணியாக்காரன்:
பொனற்றை விடுங்கள். தம்பி, "ஓட்ட முடியாமற் போயிற்று" என்றீர்களே, எஞ்சினின் இழுவை குறைந்ததா, பிரேக் பிடிக்காமல் போனதா?

உப்புவெளி86:
எஞ்சின் நன்றாகவே இழுத்தது. பிரேக் மிதிதான் பஞ்சு போலாகித் தரைவரை போயிற்று. இரண்டு தரம் அமுக்கினால் கொஞ்சம் பிடித்தது. அதைத்தான் சூடேறியது என்று எழுதினேன். ஆறிய பின் பழையபடி ஆகிவிட்டது.

கிண்ணியாக்காரன்:
இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். மிதி இறுக்கமாக இருந்தும் கார் நிற்காவிட்டால் பிரேக் பாட், அதாவது சில்லின் தட்டை அழுத்திப் பிடிக்கும் பட்டை, சூட்டில் பிடிமானம் இழந்திருக்கிறது; மிதி உள்ளே அமிழ்ந்தால் பிரேக் ஒயில் கொதித்து, குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகியிருக்கின்றன. அந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டொட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகையில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 ஆகிவிடுகிறது. உப்புவெளி ஈரக்காற்றில் நிற்கும் காருக்கு ஈரம் ஏறாமலா இருக்கும்? பழைய ஒயிலை முழுவதும் வெளியேற்றிவிட்டு, நான்கு சில்லுகளிலும் குமிழ் வருவது நிற்கும்வரை புது ஒயிலைச் செலுத்துங்கள். பாட்டின் தடிப்பையும் பாருங்கள். ஆறிய காரிலும் மிதி மெல்ல அமிழ்ந்தால் அது மிதியின் அழுத்தத்தை ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் கோளாறு. அப்படியானால் சனிக்கிழமை போகவே வேண்டாம். கடைசிச் சுற்றைப் பிரேக் பிடிக்காமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள், நிறுத்தியதும் கைப்பிரேக்கை இழுக்காமல் கியரில் விடுங்கள்.

பழைய_ஓட்டுநர்:
டொட் 5 என்று எழுதியிருப்பதைப் பார்த்து, இலக்கம் கூடியதுதான் நல்லது என்று வாங்கிவிட வேண்டாம். அது சிலிக்கன், டொட் 4உடன் கலக்கக் கூடாது, டொட் 5.1 வேறு. இதையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மூதூரான்:
டயர்க் காற்றையும் மறக்க வேண்டாம். ஐந்தாறு பாகை சூடு ஏறினால் டயரின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. கூடும் என்பதால், வீட்டில் நிரப்பிய அளவை நம்பாமல், ஓடி வந்து நின்ற கையோடு அளந்து குறையுங்கள்.

சீனக்குடா_கராஜ்:
நூல் கட்டிப் பார்த்தேன். மணிக்கு 40 கிலோமீற்றரில் ஒன்றும் தெரியவில்லை.

மூதூரான்:
40இல் என்ன தெரியும் அண்ணை?

உப்புவெளி86:
பழைய ஒயில் சாயத் தண்ணீர் நிறத்தில் வந்தது. மாற்றியபின் ஆறு சுற்றுகள் ஓடினேன், மிதி இறுக்கமாகவே இருந்தது. எஞ்சின் ஒயில் 124 வரை ஏறியது. எல்லோருக்கும் நன்றி.

கிண்ணியாக்காரன்:
நல்லது. எந்த வகை ஒயில் ஊற்றினீர்கள், பாட் எவ்வளவு தேய்ந்திருந்தது?

கடற்காற்று:
124 ஆறாவது சுற்றிலா, அதற்கு முன்பேயா? தம்பி, இருக்கிறீர்களா?