‘கெட்’ எங்கே வழுக்குகிறது? பார்த்ததைப் பகிருங்கள்

ஆங்கில அகராதியில் ‘கெட்’டுக்கு (get) பக்கம் பக்கமாகப் பொருள் இருக்கும். மனப்பாடம் வேண்டாம். பின்னால் என்ன நிற்கிறது என்று பாருங்கள், முக்கால்வாசி பிடிபட்டுவிடும். பெயர்ச்சொல் நின்றால் கிடைப்பது, வாங்குவது, எடுத்துவருவது: கெட் எ ஜாப், கெட் எ டிக்கெட், கெட் மீ எ சேர். பெயரடை நின்றால் ஆவது: கெட் டயர்டு. இடம் நின்றால் போய்ச் சேர்வது: கெட் டு தி ஸ்டேஷன். ஆனால் ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் முன்னால் ‘டு’ (to) கிடையாது.

தேர்வுத்தாளில் அடிக்கடி கண்ணில் படுவது ‘ஐ காட் ஆங்கர்’ (காட், got, கெட்டின் இறந்தகாலம்). ‘எனக்குக் கோபம் வந்தது’ என்று மனதில் ஓடுவதால் கோபம் பெயர்ச்சொல்லாகவே இறங்கிவிடுகிறது. ஆங்கிலத்துக்கு அங்கே பெயரடை வேண்டும்: ஐ காட் ஆங்ரி. தலைவலி போன்ற உபாதைகளுக்குப் பெயர்ச்சொல்லே சரி: ஐ காட் எ ஹெடேக்.

*

மேலே விட்டுப்போனது ஒன்று, அதுதான் பெரிய பள்ளம். ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்பதை ‘ஐ கட் மை ஹேர்’ என்றால், கத்தரி உங்கள் கையில் இருந்ததாகத்தான் முதலில் அர்த்தமாகும். தமிழில் வெட்டியவர் இன்னொருவர் என்பது சொல்லாமலே விளங்கும், ஆங்கிலத்தில் வாக்கிய அமைப்பே அதைச் சொல்ல வேண்டும்: ஐ காட் மை ஹேர் கட். முதலில் காட், அடுத்து பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். ‘ஐ காட் கட் மை ஹேர்’ என்று வரிசை மாறினால் வாக்கியம் உடைந்துவிடும்.

இதைக் ‘கட்’டை வைத்துப் பழகாதீர்கள். அதன் மூன்று வடிவங்களும் ஒன்றுபோலவே இருப்பதால் தவறு வெளியே தெரியாது. ரிப்பேர் என்று வைத்துப் பாருங்கள்: ஐ காட் தி ஃபோன் ரிப்பேர்டு. பேச்சில் கடைசி ‘டு’ (-ed) காதில் சரியாக விழாது, அதனால் எழுத்திலும் விட்டுவிடுகிறார்கள்.

செய்தவரையும் சொல்ல வேண்டுமானால்: ஐ காட் ஹிம் டு ரிப்பேர் இட். இதில் ‘டு’ (to) கட்டாயம். காட்டுக்குப் பதில் ஹேட் (had) அல்லது மேட் (made) போட்டால் அந்த ‘டு’ பறந்துவிடும்: ஐ ஹேட் ஹிம் ரிப்பேர் இட். காட் என்றால் கேட்டு, பேசி இணங்கவைத்த சாயல். மேட் என்றால் கட்டாயப்படுத்தியது. ஹேட் இரண்டும் இல்லாமல், வேலையை ஒப்படைத்தது.

*

இன்னொரு ஜோடி. ‘ஐ ஹேவ் காட் டு கோ’ என்றால் போயே ஆக வேண்டும். ‘ஐ காட் டு கோ’ என்றால் போக வாய்ப்புக் கிடைத்தது. பேச்சில் ‘ஹேவ்’ தேய்ந்து முதலாவதும் ‘காட்டா கோ’ ஆகிவிடுவதால் குழப்பம். எழுதும்போது ஹேவை விடாதீர்கள்.

கெட்டின் மூன்றாம் வடிவமாக அமெரிக்கர்கள் சொல்லும் ‘காட்டன்’ (gotten, துணி இல்லை!) தவறல்ல, பழைய வடிவம் அங்கே தங்கிவிட்டது. பிரிட்டனிலும் ‘ஃபர்காட்டன்’ இன்றுவரை இருக்கிறதே. அமெரிக்க வழக்கில் ‘ஹேவ் காட்’ என்றால் கையில் இருக்கிறது, ‘ஹேவ் காட்டன்’ என்றால் பெற்றாகிவிட்டது.

*

பஸ்ஸும் காரும்: உள்ளே நிமிர்ந்து நடக்க முடிகிற வண்டிக்கு கெட் ஆன், கெட் ஆஃப். குனிந்து நுழைந்து உட்கார்வதற்கு கெட் இன், கெட் அவுட் ஆஃப். சைக்கிள், குதிரை மாதிரி மேலே ஏறி உட்கார்வதற்கும் ஆன்தான். ‘கெட் டவுன் ஃப்ரம் தி பஸ்’ நம்மிடையே சகஜம், நமக்குள் புரியும். வெளியாருக்கு அது மரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ இறங்குவதாகப் படும்.

*

அலுவல் கடிதத்தில் கெட்டைக் குறைப்பது நல்லதுதான். கடிதம் வந்ததற்கு ரிசீவ்டு, அனுமதி வாங்கியதற்கு அப்டெய்ன்டு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ‘பிகேம் மேரீட்’ என்று விநோதமாக வந்து நிற்கும். அங்கே வெறும் மேரீட் போதும். கெட் மேரீட் என்றே எழுதினாலும் அடுத்து ‘டு’, ‘வித்’ அல்ல.